தூணைக் கட்டிப்பிடித்து அளந்த கதை

1

ஊரில் ஒரு படம் கைபேசிக்குக் கைபேசி சுற்றுகிறதாகக் கேள்விப்பட்டேன். ரோமாபுரியில் பாப்பரசர் இருக்கிற இராயப்பர் பேராலயத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய சதுக்கத்தில், தொப்பி போட்ட ஒரு மனுசன் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு நிற்கிறான். யாத்திரை வந்த எங்கள் ஆட்களில் யாரோ எடுத்திருக்க வேண்டும். படத்துக்குக் கீழே ஒருவர், "பாவம், ஊரை நினைச்சு அழுகிறான்" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், "வேலை போயிருக்கும்" என்கிறார். மூன்றாமவர் கும்பிடுகிற கை மட்டும் போட்டிருக்கிறார்.

அந்த மனுசன் நான்தான். நான் அழவில்லை, வேலையும் போகவில்லை. தூணை அளந்துகொண்டிருந்தேன்.

மன்னார்க் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை ஒரு பாகம். கயிறு வாங்கினாலும், வலை இறக்கினாலும், கடலின் ஆழம் சொன்னாலும் எங்களுக்குப் பாகம்தான் கணக்கு. இந்த நகரத்துக்கு வந்து இருபத்தேழு வருடமாக மாடிப்படி துடைக்கிறேன். இன்றைக்கும் ஒரு திரைச்சீலை வாங்கப் போனால் கடைக்காரி முன்னால் கையை விரித்துக்கொண்டுதான் நிற்பேன். அளவுநாடா கொண்டுபோனால் பொலிஸ்காரனுக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்துத்தான் கையால் அளந்தேன். கையால் அளந்ததால்தான் பிடிபட்டேன்.

அளக்கச் சொன்னவர் எங்கள் ஊர்க் கோவில் மூப்பர். போன வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில் வந்தார். ஆள் நல்லவர் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். எல்லோரும் நல்லவர் என்று சொல்லுகிற ஆளோடு கதைக்கும்போது நான் கொஞ்சம் கவனமாகத்தான் இருப்பேன்.

"தம்பி, எங்கட கோவிலுக்கு முன்னால ஒரு முகப்புக் கட்டப்போறம். ரோமில இருக்கிற மாதிரி, அரைவட்டமா ரெண்டு பக்கமும் தூண். நீ அங்கதானே இருக்கிறாய்? ஒரு தூணின்ர மொத்தத்தை, சுத்தளவை, ஒருக்கா அளந்து சொல்லு."

"ஓம் அண்ணை, பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். வைத்த கையோடு யோசனை தொடங்கிவிட்டது. கட்டுகிறவன் என்றொருவன் இருப்பான். அவனிடம் ஒரு கணினி இருக்கும். அதில் தேடினால் இந்தத் தூண்களின் அளவு தலைமயிர் கணக்கில் கிடைக்கும். அப்படியிருக்க என்னிடம் ஏன் கேட்கிறார்கள்?

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததாக நினைத்தேன். கோவில் வாசலில் நின்று கடலைப் பார்த்தால் இடது கைப்பக்கம் இருக்கிற வெறும் காணி என்னுடையது. அரைவட்டமாகத் தூண் வைத்தால் அந்த வட்டத்தின் இடது கை நேரே என் காணிக்குள்தான் வந்து இறங்கும்.

2

அந்தக் காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அதில் கருவாடு போடுகிற வாடி, ஓலைக் கொட்டில், வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் நாங்கள் ஓடினோம். காணி படைமுகாமின் வேலிக்குள் போய்விட்டது. நான் இங்கே வந்த பிறகு, ஒன்பது வருடம் கடிதம் எழுதினேன். கிராம சேவகருக்கு, பிரதேச செயலகத்துக்கு, மாவட்டக் கச்சேரிக்கு, கொழும்புக்கு. ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரின் கடிதத்தைக் கேட்டது. ஒரு தடவை, நான் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நான் கையெழுத்து வைத்த கடிதம் அவர்கள் முன்னால் கிடக்கும்போதே கேட்டார்கள். கடைசியில் வேலி பின்னால் போனது, காணி வந்தது. வாடி இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, மண் மட்டும் மிச்சம்.

அந்த மண் எனக்குப் போதும். இங்கே மூன்றாம் மாடியில், இன்னொருவரின் வீட்டில், வாடகைக்கு இருக்கிறேன். மனைவி ஒரு கிழவியைப் பராமரித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்குகிறாள், ஞாயிறு மட்டும் வருவாள். மகள் ஜூலியா இங்கேயே பிறந்தவள். கனவில் அவள் எந்த மொழி பேசுகிறாள் என்று கேட்க எனக்குப் பயம். முழங்கால் இரண்டும் தேய்ந்து வேலை முடிகிற நாளில் நான் போய் நிற்க இந்த உலகத்தில் அந்த ஒரு துண்டு நிலம்தான் இருக்கிறது.

இப்போது மன்னார்த் தீவில் யார் நிலத்தைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்க வேண்டிய காலம். மின்சாரக் காற்றாடிக் கோபுரம் நடுகிறவர்கள் வருகிறார்கள். மண்ணைத் துளைத்துப் பார்க்கிறவர்கள் வருகிறார்கள். சும்மா கதைக்க வந்தோம் என்கிறார்கள், அடுத்த மாதம் தடி நட்டு நாடா கட்டியிருக்கிறது. அதனால் என் சந்தேகத்தை நீங்கள் வியாதி என்று சொல்லக்கூடாது.

இருந்தாலும் அளந்தேன். மாட்டேன் என்று சொல்லியிருந்தால், நான் எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

3

சதுக்கத்தின் இரண்டு பக்கமும் தூண்கள் நான்கு நான்காக வரிசை வைத்து வளைந்து போகின்றன. வழிகாட்டிகள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது திருச்சபைத் தாய் தன் பிள்ளைகளை அணைக்கிற கைகள்" என்று சொல்லுவார்கள். காசு கொடுக்காமல் அவர்கள் பக்கத்தில் ஒட்டி நின்று பல வருடம் கேட்டிருக்கிறேன். அணைக்கிற கைதான் பிடிக்கவும் செய்யும் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

உள் வரிசைத் தூண் ஒன்றை அளந்தேன். கட்டிப்பிடித்து, விரல் நுனி பட்ட இடத்தில் எச்சில் தொட்டு அடையாளம் வைத்து, அங்கிருந்து மறுபடி கட்டிப்பிடித்து. இரண்டரைப் பாகத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. உறுதி செய்ய வெளி வரிசைத் தூண் ஒன்றை அளந்தேன். அது இன்னும் பருமனாக வந்தது. என் கை சுருங்கிவிட்டதோ என்று திரும்பவும் அளந்தேன். கை சுருங்கவில்லை. வெளியே போகப் போகத் தூணைப் பருக்க வைத்திருக்கிறார்கள், வட்டத்தின் நடுவில் நிற்கிறவனுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிவதற்காக. இருபத்தேழு வருடமாக என் கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் பொலிஸ்காரன் வந்தான்.

"தொக்குமென்தி" என்றான். பத்திரம் கேட்கிறான். என் வதிவிட அனுமதி அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் இருந்தது தபாற்கந்தோரில் தந்த பற்றுச்சீட்டும் பழைய அனுமதியின் பிரதியும். அந்தச் சீட்டு மடித்து மடித்து நாலு துண்டாகிப்போனதால் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தூணில் இருந்த எச்சிலைப் பார்த்தான்.

என்ன செய்கிறாய் என்று கேட்டான். பதற்றத்தில் என் இத்தாலிய மொழி எப்போதும் காலை வாரிவிடும். எங்கள் ஊர்க் கோவிலில் இதைப்போல ஒன்று கட்டப்போகிறோம் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் ஊர்க் கோவிலுக்கு இதைக் கொண்டுபோகப் போகிறோம் என்று வாயில் வந்துவிட்டது. அவன் தூணை அண்ணாந்து உச்சிவரை பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, "இரவில் வந்து எடுத்துப்போ" என்று சொல்லிப் பத்திரத்தைத் திருப்பித் தந்தான். அந்தப் பகிடி எனக்குப் பிடிக்கவில்லை.

அளவை மூப்பருக்கு அனுப்பினேன். வெளித்தூண் வேறு, உள்தூண் வேறு என்பதையும் எழுதினேன். கும்பிடுகிற கை ஒன்று பதிலாக வந்தது. காணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

இரண்டு மாதம் போகவில்லை. என் அக்கா ரோமுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது.

4

மெற்றில்டா அக்கா கன்னியாஸ்திரி. முப்பத்திநாலு வருடம். அவருடைய சபையின் தலைமை மடம் இந்த நகரத்தில் இருக்கிறது. ஏதோ ஆறு வாரப் பயிற்சிக்கு வருவதாகச் சொன்னார்கள். முப்பத்திநாலு வருடத்தில் ஒருமுறையும் அனுப்பாத பயிற்சிக்கு, மூப்பர் தூணைக் கேட்ட அதே வருடத்தில் அனுப்புகிறார்கள். நான் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். எல்லாம் பொருந்தி வந்தது. தம்பியிடம் காணி கேட்கத் தமக்கையைவிட வேறு யாரை அனுப்புவார்கள்?

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பேராலயத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்களில் பலருக்கு வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. ஜூலியாவும் வந்தாள். அவளுக்கு மாமியைக் கண்டதும் ஒரே கொண்டாட்டம். இளம் வயதில் மடத்தில் இத்தாலிய மொழி படித்தவர் அக்கா. இருபத்திரண்டு வயது மருமகளும் மாமியும் நான் பிடிக்க முடியாத வேகத்தில் கதைத்துக்கொண்டு முன்னால் போனார்கள். என் மகள் என்னோடு அப்படிக் கதைத்ததில்லை.

அக்காவின் தோளில் ஒரு சாம்பல் நிறப் பை. அதன் வாயில் ஒரு நீளமான மண்ணிறக் கடித உறை எட்டிப் பார்த்தது. கந்தோர் உறை. நாலு தடவை அதை உள்ளே தள்ளினார், நாலு தடவையும் அது வெளியே வந்தது. நான் கண்ட மட்டில் நாலு தடவை.

முதலில் சதுக்கத்தின் தரையில் இருக்கிற வட்டக் கல்லில் அவரை நிற்கவைத்தேன். அந்தக் கல்லில் நின்று பார்த்தால் நான்கு வரிசைத் தூணும் ஒரே வரிசையாகத் தெரியும்.

"மற்ற மூண்டும் எங்க போச்சு?" என்றார் அக்கா.

"பின்னால ஒளிச்சு நிக்குது. இதுதான் இவங்கட கெட்டித்தனம்" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஒளிக்கேல்லை தம்பி. நாங்கள் சரியான இடத்தில நிக்கிறம்."

முகப்பை நோக்கி நடந்தோம். தூரத்தில் நிற்கும்போது வானத்தை நிறைக்கிற குவிமாடம், கிட்டப் போகப் போக முகப்புக்குப் பின்னால் இறங்கி மறைந்துவிடும். அதையும் காட்டினேன். உள்ளே போனதும் தீர்த்தத் தொட்டியைத் தாங்குகிற சம்மனசுக் குழந்தைகளை, கல்லில் செய்த தேவதூதர்களை, காட்டினேன். வாசலில் நின்று பார்த்தால் கைக்குழந்தை. கிட்டப் போனால் என்னைவிட உயரம். அக்கா அதன் காலைத் தொட்டுப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பீடங்களின் மேல் இருக்கிற பெரிய படங்களைக் காட்டி, "இது ஒண்டும் கீறின படமில்லை அக்கா. எல்லாம் பொட்டுப் பொட்டாக் கண்ணாடித் துண்டு ஒட்டினது. பத்து வருசமா நான் பெயின்ற் எண்டுதான் நினைச்சனான்" என்றேன். குவிமாடத்தின் அடியில் ஓடுகிற பொன் எழுத்துகளைக் காட்டினேன். கீழிருந்து பார்த்தால் ஒரு சாண் போலத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு ஆளைவிட உயரம்.

"உனக்கு இந்தக் கோவிலில ஏமாத்தைத் தவிர வேற ஒண்டும் தெரியேல்லையோ?" என்று கேட்டார்.

"இருக்கிறதைச் சொல்றன்."

"கீழ நிக்கிற எங்களுக்கும் வாசிக்க விளங்கோணும் எண்டு பெரிசா எழுதியிருக்கிறாங்கள். அதில என்ன ஏமாத்து?"

நடுத் தளத்தில் வெண்கலத்தால் கோடு கோடாகப் பதித்திருக்கிறார்கள். உலகத்திலுள்ள மற்றப் பெரிய கோவில்களின் பெயரும் நீளமும். இந்தக் கோவிலுக்குள் அவை எவ்வளவு தூரத்தில் முடிந்துபோகும் என்று காட்டுவதற்கு. விருந்தாளியின் வீட்டுச் சமையலறை சின்னது என்று சொல்லிக்கொண்டே அவருக்குச் சோறு போடுகிற மாதிரி. அக்கா குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"எங்கட கோவில் இதில எங்க முடியும்?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். "முதலாவது வளைவு வரைக்கும் வருமோ தெரியாது" என்றேன்.

"முன்னால இருக்கிற நிலத்தையும் சேத்தா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாசலை நோக்கி நடந்தேன்.

5

வாசலுக்குக் கிட்ட வலப்பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால், வியாகுல மாதா இருக்கிறார். செத்த மகனை மடியில் வைத்திருக்கிற வெள்ளைக் கல். ஒரு காலத்தில் யாரோ ஒருவன் சுத்தியலால் அடித்த பிறகு கண்ணாடி போட்டார்கள். கோபத்தை அடக்குவதற்காக நான் வழிகாட்டி வேலையைத் தொடர்ந்தேன்.

"தாயின்ர முகத்தைப் பாருங்கோ. மகனைவிட வயசு குறைவு. மடியைப் பாருங்கோ. எழும்பி நிண்டா இந்த மனுசி ஒரு பனை உயரம் வருவா. சேலை மடிப்புக்குள்ள மறைச்சிருக்கிறான். இதும் பொய்."

அக்கா நிறைய நேரம் பார்த்தார். "வளந்த ஆம்பிளையைக் கிடத்த மடி காணாமப் போயிடும் எண்டு பெரிசாச் செய்திருக்கிறான்" என்றார். பிறகு பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன்னட்ட ஒண்டு கேக்கோணும் எண்டு—"

நான் விடவில்லை.

"அக்கா, நீங்கள் கேக்க முன்னமே சொல்றன். அந்தக் காணியில ஒரு சாண்கூட நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். மூப்பர் கேட்டாலும் இல்லை, ஃபாதர் கேட்டாலும் இல்லை, பிஷப் ஆண்டகை வந்து கேட்டாலும் இல்லை. நீங்கள் கேட்டாலும் இல்லை."

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற கொரியாக்காரர் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடத்தில் பழக்கியிருப்பார்கள்.

"சரி தம்பி. அதுக்கேன் கத்துறாய்? கோவிலுக்குள்ள நிக்கிறம்."

அவ்வளவுதான். ஜூலியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமியின் கையைப் பிடித்தாள். இருவரும் குவிமாடத்தில் ஏறப் போனார்கள். முழங்காலைச் சாட்டி நான் வெளியே வந்து தூண் நிழலில் இருந்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். ஒன்பது வருடம் கந்தோர்களோடு மல்லுக்கட்டியவனை ஒரு பின்னேரத்தில் மடக்கப் பார்த்தார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்கள். மகள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பசியாக்கும் என்று விட்டுவிட்டேன். பஸ்சுக்குப் போகிற வழியில் அக்கா, "இஞ்ச குப்பை வாளி எங்க இருக்கு?" என்று கேட்டார். நானே காட்டினேன். பைக்குள் கைவிட்டுக் கைநிறையக் கடதாசித் துண்டுகளை எடுத்துப் போட்டார். மண்ணிறம். உறையும் உள்ளே இருந்ததும் சேர்த்து, நாலாக எட்டாகக் கிழித்தது. கோவில் சபை அனுப்பிய காணிப் பத்திரம் ரோமாபுரிக் குப்பைக்குள் போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் நின்று பார்த்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இறால் வாங்கினேன்.

6

ஒரு வருடம் போயிற்று. அக்கா திரும்பிப் போய்விட்டார். தீவிலிருந்து அவரைப் பெருநிலத்தில் இருக்கிற நறுவிலிக்குளத்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்.

கோவில் முகப்பும் கட்டி முடிந்தது. மூப்பர் படம் அனுப்பினார். பக்கத்துக்கு நாலு தூண், நேர் வரிசை. அரைவட்டமும் இல்லை ஒன்றும் இல்லை. காசு அவ்வளவுதான் சேர்ந்ததாம். ஒரு தூணைக் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கையும் பின்னால் போய்ச் சந்திக்கும். எல்லாம் கோவிலின் சொந்த நிலத்துக்குள். என் காணியின் மண்ணை யாரும் மிதித்ததாகக்கூடத் தெரியவில்லை. அந்தப் படத்தை நான் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். என் எல்லை வேலி அப்படியே இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஜூலியா மன்னாருக்குப் போகப்போகிறேன் என்றாள். தனியாக. பயணச்சீட்டு வாங்கிவிட்டாளாம். இந்தப் பிள்ளையைப் பத்து வயதில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனபோது, நுளம்பு கடிக்கிறது என்று ஒரு கிழமை அழுதவள். எனக்கு வேறு யோசனை வராதா? யார் கூப்பிட்டது, யாரைப் பார்க்கப் போகிறாய், உனக்கு யார் சொல்லித்தந்தது என்று வரிசையாகக் கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது. இத்தாலிய மொழியில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"மாமியைப் பார்க்கப் போகிறேன். நீங்கள்தான் துரத்திவிட்டீர்களே, ஒருவராவது போய்ப் பார்க்க வேண்டாமா?"

"நான் எங்கே துரத்தினேன்?"

அவள் சொன்னாள். குவிமாடத்தின் மேலே, காற்றில், மாமி அவளிடம் சொல்லியிருக்கிறார். முடிந்துபோன கதையைச் சொல்லுகிறவர் போலச் சிரித்துக்கொண்டு சொன்னாராம். மடத்து வாழ்க்கையில் களைத்துவிட்டதாக. யார்மேலும் கோபம் இல்லை, ஒரு பிழையும் நடக்கவில்லை, களைத்துவிட்டது, அவ்வளவுதான். விலகிப்போக அனுமதி கேட்டுத் தலைமைச் சகோதரிக்கு எழுதிய கடிதம்தான் அந்த உறையில் இருந்தது. பயிற்சிக்கு ஆள் தேவை என்றபோது, கடிதத்தைத் தானே கையில் கொடுக்கலாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. விலகினால் இருக்க இடம் வேண்டும். அந்தக் காணியின் மூலையில் ஒரு அறை, ஒரு கிணறு, பிள்ளைகள் வந்து இருந்து படிக்க ஒரு கொட்டில். அதைத்தான் கேட்க வந்தார்.

"மேலே நின்று கடிதத்தைக் கிழித்தார்," என்றாள் ஜூலியா. "போடுவதற்கு அங்கே குப்பைத்தொட்டி இல்லை. பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினோம். அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினார். நான் ஒரு வருடம் சொல்லவில்லை."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

இங்கே வாசிக்கிறவர்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். காணியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விசயத்தை நான் விட்டுவிட்டேன். மறதியில் விடவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டோடு, கிணற்றோடு இருக்கிற நிலம் பெண்பிள்ளைக்குச் சீதனமாகத்தான் போகும். அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரு துண்டு. அது மெற்றில்டா அக்காவுக்கென்று வைத்திருந்தது. கிணற்றைக்கூட அவர் பேரைச் சொல்லித்தான் வெட்டினார். அக்கா மடத்துக்குப் போனார். மடத்துக்குப் போனவளுக்கு என்னத்துக்குச் சீதனம் என்று அப்பா என் பெயரில் எழுதினார். அக்கா கன்னியாஸ்திரியாக இருப்பதால்தான் அது என் காணி. ஒன்பது வருடக் கடிதத்தில் ஒன்றிலும் இதை நான் எழுதவில்லை. என் மகளுக்கும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவளிடம் சொன்னேன். அவள் எழும்பித் தன் அறைக்குப் போனாள். கதவு சத்தமில்லாமல் மூடியது. அடித்து மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

7

அடுத்த வியாழன் பின்னேரம் நறுவிலிக்குளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, அந்தக் கோவிலடிக் காணி..."

"அதுக்கென்ன? ஆரும் கேட்டவையோ?"

"இல்லை. நான் தாறன். உங்கட பேரில எழுதுறன். முழுக்க."

அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார்: "தம்பி, உனக்கு என்ன வருத்தம்? டொக்டர் ஏதும் சொன்னவரோ?"

நான் சாகப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். சாகப்போனால் தவிர நான் கொடுக்கமாட்டேன் என்று என் சொந்த அக்கா நினைக்கிறார்.

"வருத்தம் ஒண்டுமில்லை. ஜூலியா எல்லாம் சொன்னவ."

"என்ன சொன்னவ?"

சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். வாய்ப்பாடு ஏழில் தடக்கி நின்றது, அக்கா தொலைபேசியை விலக்கி, "ஐம்பத்தாறு" என்று எடுத்துக் கொடுத்தார்.

"நான் உன்னட்ட ஒண்டும் கேக்கேல்லையே தம்பி."

"நான் கேக்க விடேல்லை."

"இல்லை. நான் கேக்கேல்லை. பிள்ளையள் நிக்குதுகள், பிறகு எடு."

நான் சும்மா இருக்கவில்லை. தூதரகத்துக்குப் போய்க் காத்திருந்தேன். காணியைத் தமக்கைக்கு நன்கொடையாகக் கொடுக்கிறேன் என்றதும் சாளரத்துக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றினார். இங்கே எல்லோரும் தமக்கைமாரிடம் காணியை எடுக்கத்தான் கடதாசி எழுத வருகிறார்களாம். உங்களை யாரும் வற்புறுத்துகிறார்களா என்று இரண்டு தடவை கேட்டார். மூன்று நாள் வேலையை விட்டு அலைந்து, எனக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தை மன்னாரில் ஒருவருக்கு எழுதி அனுப்பினேன். சட்டத்தரணி காணி உறுதிப்பத்திரம் எழுதி முடித்துவிட்டார். ஒரே ஒரு குறை. நன்கொடை என்றால், பெறுகிறவர் ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். சட்டத்தரணி இருக்கிற முருங்கனுக்கு வந்து வைத்தால் போதும், பஸ்சில் கொஞ்ச நேரம்தான்.

அக்கா வரவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வியாழனும் எடுக்கிறேன். மழையைப் பற்றிக் கதைக்கிறார், மாடு வயலுக்குள் இறங்கியதைக் கதைக்கிறார், ஜூலியா வந்து நின்ற பத்து நாளைப் பற்றிக் கதைக்கிறார். மடத்தில் சந்தோசமாக இருப்பதாகச் சொல்லுகிறார். இருக்கலாம். கடிதம் கிழித்த பிறகு இன்னொன்று எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமலே போயிருக்கலாம். அல்லது தினமும் தோன்றலாம். கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

போன வியாழன் பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "அக்கா, ஒரு கையெழுத்துத்தானே? ஏன் போய் வைக்கிறியள் இல்லை?"

அக்கா கேட்டார்:

"அந்த உறுதியில வேற என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டும் இல்லை அக்கா. காணியை உங்களுக்குத் தாறன் எண்டு மட்டும்தான்."

"ம்" என்றார். நான் இதுவரை ஆயிரம் பேரிடம் நம்பாமல் சொன்ன அதே "ம்".

இன்னும் எத்தனை வியாழன் எடுத்தாலும் இதைத்தான் நான் சொல்ல முடியும். அதில் வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதவில்லை, அக்கா.